குவான்ட்லிப் புதிய பதிப்பு வந்தால் என்ன மாறும்? தீபாவளி எந்த நாள் என்று உங்கள் கோடுக்கு யார் சொல்வது?

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை. டெல்லியில் சட்டமன்றத் தேர்தல். முனிர்காவில் வாக்கு இருப்பவர்கள் ஆர்.கே.புரம் தொகுதிக்கு ஓட்டுப் போட்டார்கள். டெல்லிக்கு அன்று விடுமுறை. ஆனால் மும்பையில் பங்குச் சந்தை வழக்கம்போலத் திறந்து, வழக்கம்போல மூடியது.

அதற்குச் சரியாக 11 வாரம் முன்னால், 2024 நவம்பர் 20. அதுவும் புதன்தான். டெல்லியில் எல்லோரும் வேலைக்குப் போன நாள். சந்தை மட்டும் மூடியிருந்தது, ஏனென்றால் அன்று மகாராஷ்டிராவில் தேர்தல்.

உங்களுக்கு இது காலையில் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம். உங்கள் லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரலுக்கு? அதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்தத் தேதியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால்தான் தெரியும். குவான்ட்லிப் போன்ற திறந்த மூல நிதி மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது, பெரிய கணித மாடல்களோடு சேர்ந்து இந்த மாதிரித் தேதிகளும் வருகின்றன. சில சமயம் வராமலும் போகின்றன. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, ஹாஸ் காஸில் மெட்ரோ மாறி குருகிராம் போய் 'குவான்ட்' வேலை பார்ப்பவராக இருந்தாலும் சரி, பக்கத்திலிருக்கும் ஐ.ஐ.டி.யிலோ இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலோ படித்துக்கொண்டே இதைக் கற்றுக்கொள்பவராக இருந்தாலும் சரி, 'அப்டேட்' கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதில் கொஞ்சம் இருக்கின்றன.

குவான்ட்லிப் என்றால் என்ன?

கடன் பத்திரம், ஆப்ஷன், வட்டி விகித ஸ்வாப் போன்றவற்றின் விலையையும் அவற்றில் இருக்கும் ஆபத்தையும் கணக்கிடுவதற்கான நிரல் நூலகம். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. பைத்தான், ஜாவா, ஆர் ஆகியவற்றிலிருந்தும் பயன்படுத்தலாம். இத்தாலியில் 2000-ஆம் ஆண்டு ஃபெர்டினான்டோ அமெத்ரானோ, லூயிஜி பல்லாபியோ ஆகியோர் சேர்ந்து தொடங்கியது. 0.1 என்று ஆரம்பித்த பதிப்பு எண் 1.0 ஆவதற்கு 2010 வரை ஆனது. பத்து வருடம்! இன்றைக்கு ஒரு செயலி பத்து மாதத்தில் 5.0 போட்டுவிடுகிறது.

இதன் உரிமம் பி.எஸ்.டி. வகையைச் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளுக்குள் வைத்தும் கொடுக்கலாம். 2016-இல் வெளியான 'ஓப்பன் சோர்ஸ் ரிஸ்க் என்ஜின்' இதன் மேல் கட்டப்பட்டதுதான். அதே உரிமத்தில் இன்னொரு வரியும் உண்டு: இருக்கிறபடியே தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை. கணக்கு தப்பினால் நஷ்டம் முழுக்க உங்களுடையது.

இதை வைத்து பணம் சம்பாதிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இது தராசு மாதிரி. எடை சொல்லும், வியாபாரம் உங்கள் பாடு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த எஃப் அண்டு ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஒரு புதிய பதிப்பு எப்படி வெளிவருகிறது?

சமீப ஆண்டுகளில் குவான்ட்லிப் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில் வருகிறது. 2024-இல் ஏப்ரலில் 1.34, ஜூலையில் 1.35, அக்டோபரில் 1.36. நடைமுறை சுருக்கமாக இப்படி: உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் தங்கள் மாற்றங்களை கிட்ஹப்பில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் பலவகை கம்பைலர்களில் தானாகவே சோதிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் புதிய மாற்றங்களை நிறுத்திவிட்டு, 'இதுதான் வெளியிடப் போகும் பதிப்பு, உங்கள் கோடோடு ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒரு முன்னோட்டப் பதிப்பு விடப்படும். யாரும் பெரிய புகார் சொல்லாவிட்டால் அதற்கு எண் போட்டு வெளியிடுவார்கள். கூடவே என்ன மாறியது, யார் அனுப்பியது என்ற பட்டியலும் வரும். ஆரம்பத்திலிருந்து இன்றுவரை இதை மேய்த்துக்கொண்டிருப்பவர் லூயிஜி பல்லாபியோ.

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த முன்னோட்டப் பதிப்பு. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் உங்கள் கோடு உடையப் போகிறது என்றால் அதைச் சொல்வதற்கான நேரம் அதுதான். வெளியான பிறகு சொன்னால் திருத்தம் அடுத்த பதிப்பில்தான் வரும். அதற்கு மூன்று மாதம் ஆகலாம்.

இரண்டாவது, 'விரைவில் நீக்கப்படும்' என்ற அறிவிப்புகள். பழைய வசதி ஒன்றை எடுக்க நினைத்தால் உடனே எடுப்பதில்லை. சில பதிப்புகள் வரை எச்சரிக்கையோடு வைத்திருந்து, பிறகுதான் எடுக்கிறார்கள். அந்த எச்சரிக்கைகளை மஞ்சள் எழுத்து என்று ஒதுக்கிவிட்டு இரண்டு வருடம் கழித்து அப்டேட் பண்ணுகிறவர்களுக்குத்தான் ராத்திரி தூக்கம் போகும்.

புதிய பதிப்புகள் ஏன் வந்துகொண்டே இருக்க வேண்டும்? சந்தை மாறுகிறது என்பதே முக்கியக் காரணம். டாலர் லைபர் 2023 ஜூன் 30-ஓடு முடிந்தது. அதை நம்பியிருந்த நம் ஊர் மைஃபர் விகிதத்துக்குப் பதிலாக, ஸோஃபரை அடிப்படையாகக் கொண்ட 'மாடிஃபைட் மைஃபர்' வந்துவிட்டது. பழைய மென்பொருளில் கணிதம் சரியாகவே இருக்கும். அது கணக்குப் போடும் உலகம்தான் இப்போது இல்லை.

இந்திய விடுமுறைப் பட்டியலில் என்ன சிக்கல்?

குவான்ட்லிப்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. இந்தியாவுக்கு இருப்பது என்.எஸ்.இ.யின் நாள்காட்டி. அந்தக் கோப்பைத் திறந்தால் இரண்டு வகை நாட்கள் இருக்கும்.

முதல் வகை, விதி சொல்லி முடித்துவிடக் கூடியவை. ஜனவரி 26, ஏப்ரல் 14, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, டிசம்பர் 25. புனித வெள்ளிகூட ஈஸ்டர் கணக்கை வைத்து எந்த வருடத்துக்கும் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாம் வகைக்கு விதியே கிடையாது. ஹோலி, மகாசிவராத்திரி, பக்ரீத், மொஹரம், தீபாவளி, குருநானக் ஜெயந்தி. இவற்றை வருடா வருடம் கையால்தான் சேர்க்க வேண்டும். பஞ்சாங்கத்தை நிரலாக எழுதிவிட்டால் போதாதா என்று தோன்றும். வாக்கியமா திருக்கணிதமா என்று ஊரில் இன்னும் முடியாத வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். சந்தைக்கு முக்கியம், எந்த நாளை என்.எஸ்.இ. விடுமுறை என்று அறிவிக்கிறது என்பது மட்டும்தான். 2024-இல் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. அன்று சந்தை நடந்தது; விடுமுறை நவம்பர் 1. 2025-இல் நமக்கு அக்டோபர் 20. அன்றும் சந்தை நடந்தது. 21, 22 தேதிகளில்தான் மூடியது. விடுமுறை நாளிலேயே ஒரு மணி நேரம் முகூர்த்த வர்த்தகம் வேறு. பொங்கலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 2025 ஜனவரி 14 அன்று ஊரே பொங்கல் வைத்தபோது என்.எஸ்.இ. திறந்துதான் இருந்தது.

கையால் சேர்ப்பது என்றால் விடுபடல்களும் இருக்கும். அந்தக் கோப்பின் விளக்கக் குறிப்பிலேயே, எந்தெந்த ஆண்டுகளுக்குத் தரவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்: 2005 முதல் 2014 வரை, பிறகு 2019 முதல். நடுவில் நான்கு வருடம் காணோம். நீங்கள் வைத்திருக்கும் பதிப்பில் எது வரை இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

இதில் உண்மையான ஆபத்து எங்கே தெரியுமா? தரவு இல்லாத வருடத்தைக் கேட்டால் மென்பொருள் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. 2017 தீபாவளி வேலை நாளா என்று கேட்டால், விடுமுறை என்று யாரும் சொல்லி வைக்காததால், 'ஆமாம், வேலை நாள்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். பத்து வருட பேக்டெஸ்ட் ஓட்டுகிறீர்கள் என்றால் நடுவில் நான்கு வருடம் ஹோலியும் பக்ரீதும் இல்லாத ஓர் இந்தியாவில் ஓட்டியிருப்பீர்கள்.

ஒரு நாள் தப்பினால் எவ்வளவு தப்பும்?

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன், 21-ஆம் தேதி எக்ஸ்பைரி ஆகும் நிஃப்டி ஆப்ஷன் ஒன்று உங்கள் கையில். எக்ஸ்பைரிக்கு இன்னும் எத்தனை வர்த்தக நாள்? புதன் விடுமுறை என்று தெரிந்தவருக்கு ஒரு நாள். தெரியாத நிரலுக்கு இரண்டு நாள்.

குறியீடு 24,000, ஆண்டு ஏற்ற இறக்கம் 15 சதவீதம், வருடத்துக்கு 252 வர்த்தக நாள் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இன்றைய விலையையே ஸ்ட்ரைக்காகக் கொண்ட ஆப்ஷனின் மதிப்பு, மிச்சமிருக்கும் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகரும். ஒரு நாள் பாக்கி என்றால் சுமார் 91 ரூபாய். இரண்டு நாள் என்றால் சுமார் 128 ரூபாய். 41 சதவீதம் அதிகம்! 91 ரூபாய்ப் பொருளை 'மலிவாகக் கிடைக்கிறது' என்று நினைத்து உங்கள் நிரல் நூறு ரூபாய்க்கு வாங்கித் தள்ளும். ஸ்டோகாஸ்டிக் மாடல் எதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வாரம் விவாதித்திருப்பீர்கள். தப்பு நடந்த இடம் நாள்காட்டி.

காலண்டர் நாட்களை 365-ஆல் வகுத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட தப்பு வராது. ஆனால் அவர்களுக்கும் செட்டில்மென்ட் தேதி உண்டு. 2023 ஜனவரி 27 முதல் பங்குகளுக்கு டி பிளஸ் 1 முழுமையாக வந்துவிட்ட பிறகு, 'அடுத்த வேலை நாள்' எது என்பதில் தப்பினால் பணம் வரும் நாளே தப்பும்.

இன்னொரு பொறி. 252 வேலை நாள் கணக்கைச் செய்து தரும் வசதி குவான்ட்லிப்பில் தனியாக உண்டு. அதற்கு எந்த நாட்டு நாள்காட்டி என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது பிரேசிலை! அந்தக் கணக்கு முறை பிரேசில் வட்டிச் சந்தையின் வழக்கம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம்தான். ஆனால் நிஃப்டி ஆப்ஷனுக்கு ரியோ கார்னிவல் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருக்கும் கோடு எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியென்றால் புதிய பதிப்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. நவம்பர் 20 விடுமுறையை என்.எஸ்.இ. அறிவித்ததே நவம்பர் மாதத்தில்தான். அக்டோபரில் வந்த 1.36-இல் அது எப்படி இருக்கும்? 2024 ஜனவரி 22, அயோத்தி ராமர் கோயில் குடமுழுக்கு நாள், இன்னும் மோசம். விடுமுறை கடைசி நேரத்தில் அறிவிக்கப்பட்டது, அதற்கு முந்தைய சனிக்கிழமை 20-ஆம் தேதி முழு நாள் வர்த்தகம் நடந்தது. 2023-இல் பக்ரீத் விடுமுறை ஜூன் 28-லிருந்து 29-க்கு நகர்ந்தது; 29-இல் முடிய வேண்டிய மாதாந்திர எக்ஸ்பைரி 28-க்கு வந்தது. 2025 பிப்ரவரி 1, பட்ஜெட் நாள், சனிக்கிழமை. சந்தை திறந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் எந்த வெளியீட்டாலும் இவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது.

அதனால்தான் நாள்காட்டியில் நீங்களே கை வைக்க வழி வைத்திருக்கிறார்கள். 'ஆட் ஹாலிடே' என்ற கட்டளையால் ஒரு நாளை விடுமுறை ஆக்கலாம். 'ரிமூவ் ஹாலிடே' போட்டால் பட்ஜெட் சனிக்கிழமையையும் வேலை நாள் ஆக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த மாற்றம் அந்த நிரல் ஓடும்வரை, அதற்குள் இந்திய நாள்காட்டியைப் பயன்படுத்தும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஒரு மூலையில் சோதனைக்காகச் சேர்த்த விடுமுறை இன்னொரு மூலையில் விலையை மாற்றும். நிரலை மூடித் திறந்தால் எல்லாம் போய்விடும், மறுபடி சேர்க்க வேண்டும். எனவே என்.எஸ்.இ. சுற்றறிக்கையைப் பார்த்து நீங்களே ஒரு சின்னக் கோப்பு வைத்துக்கொண்டு, நிரல் தொடங்கும்போதே அதைப் படிக்கும்படி செய்வதுதான் நல்ல பழக்கம்.

கடன் பத்திரம், ஸ்வாப் பக்கம் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பங்குச் சந்தை விடுமுறையும் பணச் சந்தை விடுமுறையும் ஒன்றல்ல. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். 2025-இல் அன்று பங்குச் சந்தை நடந்தது. குவான்ட்லிப்பின் இந்திய நாள்காட்டி என்.எஸ்.இ.க்கு மட்டும்தான். அதை வைத்து மைபர் ஸ்வாப் கணக்குப் போட்டால் பொறுப்பு உங்களுடையது.

எக்ஸ்பைரி நாளும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 1 முதல் என்.எஸ்.இ.யில் எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. 'வியாழன்' என்று நேரடியாக எழுதி வைத்த கோடை எந்தப் புதிய பதிப்பும் வந்து திருத்தித் தராது.

சரி, அப்டேட் பண்ணலாமா வேண்டாமா?

பண்ணுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், சந்தை நடக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். முதலில் புதிய பதிப்பைத் தனிச் சூழலில் நிறுவுங்கள். நேற்று பழைய பதிப்பில் வந்த விலைகளை எடுத்துவைத்து, அதே உள்ளீட்டைப் புதியதில் ஓட்டி, வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அது பிழை என்று அவசரப்பட வேண்டாம். பழையதில் இருந்த பிழை திருத்தப்பட்டிருக்கலாம். மாற்றப் பட்டியலில் காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். காரணம் கிடைக்காத வித்தியாசத்தோடு மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கூட இருக்கும் நூலகங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, பழைய நம்பைக்காகக் கம்பைல் செய்யப்பட்டிருந்த பல நூலகங்கள் அதனோடு ஓட மறுத்தன. உங்கள் திட்டத்தில் எந்தெந்த நூலகம் எந்தெந்தப் பதிப்பு என்று எண்ணோடு பூட்டி வைத்திருந்தால் அது உங்களைத் தொட்டிருக்காது.

எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய கோடோடு சந்தைக்கு வந்தது. எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய கோடு ஏறியிருந்தது. விட்டுப்போன ஒன்றில் பல வருடமாகப் பயன்படுத்தாத பழைய கோடு உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அது அவர்களே எழுதிய சொந்த மென்பொருள். திறந்த மூலமாக இருந்திருந்தாலும் கதை வேறாகியிருக்காது.

இதையெல்லாம் செய்கிறவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

குவான்ட்லிப்புக்கு மாற்றங்களை அனுப்புகிறவர்களில் பலர் வேறு எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டு இதையும் செய்பவர்கள். ஒருவர் சலித்துப்போனாலோ நிறுவனம் மூடினாலோ என்ன ஆகும் என்பதற்கு ஜிப்லைன் ஓர் உதாரணம். பேக்டெஸ்ட் செய்யப் பலரும் நம்பியிருந்த அந்த நூலகத்தை வளர்த்த குவான்டோபியன் நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. பதிப்புகள் நின்றன. கோடு திறந்திருந்ததால் வேறொருவர் 'ஜிப்லைன் ரீலோடட்' என்று எடுத்து நடத்த முடிந்தது. அதனால் ஒரு நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு எத்தனை பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, அதில் எத்தனை பேர் கைவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்தியாவிலிருந்து இந்தப் பக்கம் பணம் போவதும் தொடங்கியிருக்கிறது. ஜெரோதா 2024 அக்டோபரில் 'ஃபிளாஸ் ஃபண்ட்' என்று ஒன்றை அறிவித்தது. உலகத் திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். நல்ல விஷயம். ஆனால் என்.எஸ்.இ. விடுமுறைப் பட்டியலைச் சேர்க்க நிதி எதுவும் தேவையில்லை. இந்தியச் சந்தைக்காக மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் குருகிராமிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, பக்ரீத் தேதிக்காக இத்தாலியில் இருப்பவர் காத்திருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சேர்க்க வேண்டுமென்றால் எப்படி?

கிட்ஹப்பில் குவான்ட்லிப்பின் பிரதியை எடுத்து, இந்திய நாள்காட்டிக் கோப்பைத் திறந்து, ஏற்கெனவே இருக்கும் வருடங்களைப் போலவே புதிய வருடத்துக்கான தேதிகளைச் சேருங்கள். சனி, ஞாயிறில் விழும் பண்டிகைகளை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று முந்தைய வருடங்களைப் பார்த்து அதே முறையில் போங்கள். என்.எஸ்.இ. சுற்றறிக்கையின் எண்ணையும் தேதியையும் உங்கள் விளக்கத்தில் எழுதுங்கள்; சரிபார்க்கிறவருக்கு ஹோலி எது, ராம நவமி எது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2015 முதல் 2018 வரையிலான ஓட்டை உங்கள் பதிப்பில் இன்னும் இருந்தால், அந்தப் பழைய சுற்றறிக்கைகளைத் தேடி எடுத்து அதையும் நிரப்பலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

என்.எஸ்.இ. அடுத்த ஆண்டுக்கான பட்டியலை வழக்கமாக டிசம்பரில் வெளியிடுகிறது. ஜனவரி வாக்கில் வரும் குவான்ட்லிப் பதிப்பில் அது இடம்பெற வேண்டுமானால், சுற்றறிக்கை வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.